பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்

நார்பர்ட் மெதுவாகத்தான் நெம்பினார். பின்சீட்டுக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பலகை அப்பளம் மாதிரி உடைந்து, பாதி அவர் கையோடு வந்துவிட்டது.

"சரி, பசை போட்டு ஒட்டிக்கலாம்" என்று காரிடம் சொன்னார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மனைவி லோரெட்டாவை ஏற்றிக்கொண்டு கிளீவ்லாந்துக்குப் போக வேண்டும். மகள் டான்யாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். டொலீடோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். நவம்பரில் பெட்டியோடு கிளம்பி, ஆற்றுக்கு அக்கரையில் அக்கா ஐரீன் வீட்டுக்குப் போய்விட்ட லோரெட்டா, ஆறு மாதம் கழித்து அவர் பக்கத்தில் உட்காரப் போகிறாள்.

போனபோது சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை என்றால் நார்பர்ட்டுக்குப் புரிந்திருக்கும். "நார்ப், இந்த வீட்ல நான் தனியாத்தான் இருக்கேன். ஐரீன் வீட்ல பேச்சுத் துணைக்காவது ஒரு ஆளு இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு ஒரு நல்ல பதிலை அவர் யோசித்தார். யோசித்து முடித்தபோது ஐரீனின் கார் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

இந்தத் திங்கட்கிழமை அவளே போன் செய்தாள்.

"ஐரீன் வண்டி வேண்டாம் நார்ப். உன் சிவப்பு வண்டியக் கொண்டு வா. நாம ரெண்டு பேரும் அதுல போலாம்."

"அந்தப் பழசா? மூடி வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சே."

"அதுதான் வேணும். நான் பெட்டியும் கொண்டு வரேன். திரும்பி வரும்போது ஆத்துக்கு எந்தப் பக்கம் இறங்கறேன்னு அப்பப் பார்த்துக்கலாம்."

போனை வைத்த பிறகு, ஓடாத தொலைக்காட்சியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடங்களில் அவளிடம் 'செய்கிறேன்' என்று சொல்லிச் செய்யாமல் விட்டவை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சமையலறைக் குழாய். நயாகரா அருவிப் பயணம். அவள் தங்கையின் இறுதிச் சடங்கில் இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொன்னது. இப்போது எதையும் சரிசெய்ய முடியாது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று காரின் பின்பக்க ஸ்பீக்கர்கள்.

அது டான்யா பிறந்த வருடம் வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். கதவுகளில் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் முதல் நாளிலிருந்தே கொசு மாதிரிதான் கீச்சிடும். பாடியதெல்லாம் பின்னால் இருந்த இரண்டும்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவை இரண்டும் சேர்ந்தாற்போல் ஊமையாகிவிட்டன.

"அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்" என்றார் அப்போது.

"அவசரமே இல்ல நார்ப்" என்றாள் லோரெட்டா.

எவ்வளவு பொறுமைசாலி! அதன் பிறகு ஒன்பது வருடம், ஞாயிறுதோறும் அந்த வண்டியில் ஏரிக்கரைக்குப் போய்வந்தார்கள். கொசுச் சத்தத்தைச் சகிக்க முடியாமல் அவர் ரேடியோவை அணைத்துவிடுவார். அந்த அமைதியையும் சகிக்க முடியாது. ஏதாவது உளறுவார். அப்பா குடித்துவிட்டு வந்த இரவுகள், தொழிற்சாலையில் கை போன நண்பன், தேவாலயத்து மீன்விருந்தில் லோரெட்டாவை முதலில் பார்த்தபோது அவள் சட்டையில் கொட்டியிருந்த முட்டைக்கோஸ். வீட்டில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. பாவம், ஒரு பாட்டுகூட இல்லாமல் தன் புலம்பலைக் கேட்கும்படி அவளைத் தண்டித்துவிட்டோமே என்று இப்போது நினைத்துக்கொண்டார். பிறகு முழங்கால் வலி வந்தது. தாழ்வான அந்த வண்டியில் ஏறி இறங்க முடியாமல் துணி போட்டு மூடிவிட்டார்.

இந்தமுறை கிளீவ்லாந்து வரை அவளுக்குப் பாட்டு உண்டு.

மெக்கானிக்கிடம் விடலாம்தான். ஆனால் நார்பர்ட் முப்பத்தொரு வருடம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கார் செய்தவன் காரைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் கூட்டாளிகளின் கிண்டலுக்குப் பயந்து அந்த ஊரில் பௌலிங் பந்து உருட்டப் போக முடியாது. அந்த முப்பத்தொரு வருடமும் அவர் வலதுபக்க முன்கதவை மட்டுமே பொருத்தினார் என்பதும், காரின் பின்பாதியை ஒருநாளும் தொட்டதில்லை என்பதும் வேறு விஷயம்.

உதிரிபாகக் கடையில் கணினியைப் பார்த்துவிட்டு விற்பனைப் பெண் சொன்னாள்: "இந்த வண்டிக்கு முட்டை வடிவம்தான் வரும் சார்."

"வட்டமா குடும்மா."

"முட்டை சார்."

"எனக்கே சொல்றியா? அந்த வண்டியச் செஞ்சவனே நான்தான்."

"ஸ்பீக்கரையும் நீங்கதான் வெச்சீங்களா?"

"கதவு."

"ஓ" என்று சொல்லிவிட்டு வட்டத்தையே எடுத்துக் கொடுத்தாள்.

பலகைக்குப் பின்னால் ஓட்டை முட்டை வடிவத்தில்தான் இருந்தது. திரும்பக் கடைக்குப் போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதைவிட ஓட்டையை மாற்றுவது சுலபமாகத் தோன்றியது. ரம்பத்தால் அறுத்தார். வட்டம் வந்தது. வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். ஸ்பீக்கர் உள்ளே விழுந்து, எடுக்க முடியாத ஆழத்துக்குப் போனது. அதை எடுக்கப் பின்சீட்டைக் கழற்றினார். ஒட்டுப்பலகை வெட்டி, ஓட்டையைச் சின்னதாக்கி, வியாழன் மதியத்துக்குள் இரண்டையும் பொருத்திவிட்டார். பழைய ஸ்பீக்கர்களைக் குப்பைத்தொட்டியில் எறிந்தார்.

ரேடியோவைப் போட்டார். முன்னால் கொசுக்கள் பாடின. பின்னால் மௌனம்.

சத்தத்தைக் கூட்டினார். கொசுக்கள் வெறிபிடித்துக் கத்தின. பின்னால் மௌனம். குமிழைக் கடைசிவரை திருப்பினார். இன்னும் ஒரு சுற்று இருக்குமோ என்று குறடால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். குமிழ் குறடோடு வந்தது. இனிமேல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அணைப்பதற்கும் அதே குமிழ்தான். சாவியைத் திருகி வண்டியையே நிறுத்தினார்.

பெருமையை விழுங்கிக்கொண்டு டுவெய்னுக்குப் போன் போட்டார். டுவெய்ன் அடுத்த தெரு. கார் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்து மூடியவன், பௌலிங் கூட்டாளி.

"பின்னாடி ஸ்பீக்கர் மாத்தினேன்டா. புதுசு. சத்தமே வரல."



"இப்ப எதுக்குடா அதெல்லாம்?" என்றான் டுவெய்ன். "பழைய வண்டி. விட்டுத் தொலை."

"லோரெட்டா வரா. அவளுக்காகத்தான்."

"அவ கேட்டாளா?"

"கேக்கணுமா என்ன?"

"ஒரு வாட்டி கேட்டுத்தான் பாரேன்."

"ஆச்சரியமா இருக்கட்டும்னு பார்க்கறேன்டா."

"ஆச்சரியம்..." என்று இழுத்தான் டுவெய்ன். "நார்ப், நான் சொல்றதக் கேளு. வண்டியத் தொடச்சு வை. எண்ணெய் மாத்து. ஸ்பீக்கர மட்டும் விட்டுடு."

பொறாமை என்று நினைத்தார் நார்பர்ட். நாற்பது வருடம் ரேடியோவோடு பழகியவன், கதவு பொருத்தியவன் இதைச் செய்துவிடுவான் என்று பயப்படுகிறான்.

கதவு என்றதும் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. வலது கதவு! அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு திருகும் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அங்கே இருக்கும் கொசுவுக்குப் போகிற ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயரை வைத்து, அங்கிருந்து பின்னால் கொடுத்தால் முடிந்தது. வெள்ளிக்கிழமை பழைய சாமான் கடையில் ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடைத்தது. அதைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தார். அதற்கு மின்சாரம் வேண்டுமே என்று, கைக்கு எட்டிய வைப்பர் ஒயரிலிருந்தே இழுத்துக் கொடுத்தார். மேலே சீட்டைப் போட்டு போல்ட்டை முடுக்கினார். போல்ட் கோணலாக ஏறி, அசையாமல் இறுகிவிட்டது. எப்படியும் இனி கழற்றப் போவதில்லை என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

சோதித்துப் பார்க்கத்தான் முடியவில்லை. மூன்று நாளாகக் கதவு திறந்தே கிடந்ததில் உள்விளக்கு எரிந்து எரிந்து பேட்டரி செத்திருந்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார். தூங்குமுன், லோரெட்டாவிடம் என்ன பேசுவது என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் பேச வேண்டாம், பாட்டு இருக்கிறது என்ற எண்ணமே ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை காலை மழை. நார்பர்ட் கோட் அணிந்து, டை கட்டி, சாவியைத் திருகினார்.

உள்ளூர் வானொலியின் சனிக்கிழமைப் போல்கா நடன இசை நிகழ்ச்சி அவர் பின்மண்டையில் மோதியது. அக்கார்டியன் வாத்தியம் பற்களுக்குள் அதிர்ந்தது. கண்ணாடிகள் நடுங்கின. எதிர்வீட்டு நாய் தன் கூண்டுக்குள் போய்விட்டது.

"வருது!" என்று கத்தினார். தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

குறைக்கக் குமிழ் இல்லை. சீட்டைத் தூக்க போல்ட் விடவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கான ஃபியூஸைப் பிடுங்கினார், பின்னால் பாட்டு நின்றது, கூடவே வைப்பரும் நின்றது. மழை கண்ணாடியை மூடியது. ஃபியூஸைத் திரும்பச் செருகினார். மணி எட்டு நாற்பது. போல்காவோடு கிளம்பினார். பாலத்தில் போன ஒவ்வொரு காரும் ஒதுங்கி வழிவிட்டது.

ஐரீன் வீட்டு வாசலில் லோரெட்டா நீலக் கோட்டில், கையில் பெட்டியுடன் நின்றிருந்தாள். பெட்டி! அதைப் பார்த்ததும் நார்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. வண்டியை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. பேட்டரி இருக்கும் லட்சணத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

லோரெட்டா கதவைத் திறந்து குனிந்தாள். ஏதோ சொன்னாள்.

"என்ன?"

திரும்பச் சொன்னாள். வாய் அசைந்தது. அக்கார்டியன்தான் பதில் சொன்னது.

"ஸ்பீக்கர்!" என்று கத்தினார் நார்பர்ட், பின்னால் கைகாட்டி. "ரெண்டும் புதுசு! நானே போட்டேன்! உனக்காக!"

லோரெட்டா பின்சீட்டுப் பக்கம் பார்த்தாள். பசை வழிந்த பலகையையும், ஒட்டுப்பலகையில் இரண்டு கறுப்பு வட்டங்களையும் பார்த்தாள். சிரிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கையை நீட்டி, குமிழ் இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு கதவை மூடிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு அக்காவின் காரில் போய் ஏறினாள்.

ஐரீன் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"இந்தச் சத்தத்துல கிளீவ்லாந்து வரைக்கும் எவ வருவா? உனக்கென்ன பைத்தியமா நார்பர்ட்?"

"அவ என்ன சொன்னா?"

"ஆ?"

"லோரெட்டா! என்ன சொன்னா?"

"சர்ச்ல பார்க்கலாம்னு சொல்லச் சொன்னா!"

"அது இல்ல. மொதல்ல! குனிஞ்சு நின்னு என்கிட்ட என்ன சொன்னா?"

"அத நீதான கேட்டிருக்கணும்!" என்று கத்திவிட்டு ஐரீன் போய்விட்டாள்.

டுவெய்ன் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று நார்பர்ட்டுக்கு நினைவில்லை. போல்கா வருவதைத் தூரத்திலேயே கேட்டுவிட்டு டுவெய்ன் வெட்டுக்குறடோடு வாசலில் நின்றிருந்தான். வலது கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரே ஒரு ஒயரைக் கத்தரித்தான்.

மழைச் சத்தம் கேட்டது.

நார்பர்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பெட்டியோட நின்னாடா" என்றார். "பெட்டியோட. ஒரு நிமிஷம் பார்த்தா, போயிட்டா. பதினோரு வருஷமா செய்யறேன் செய்யறேன்னு சொன்ன ஒரே வேலை. அதையும் செஞ்சுட்டேன். இன்னும் என்னடா வேணும் அவளுக்கு?"

டுவெய்ன் குறடைச் சட்டைப்பையில் போட்டான். காரின் கூரை மீது கையை ஊன்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அந்த ஸ்பீக்கர் கெடவே இல்லடா நார்ப், பதினோரு வருஷம் முன்னாடி லோரெட்டாதான் என் கடைக்கு வந்து ரேடியோவுலேருந்து பின்னாடி போற ஒயர வெட்டச் சொன்னா, 'பாட்டு நின்னாத்தான் டுவெய்ன், அந்த மனுஷன் வாயத் தொறக்கறான்'னு."