எஸ்தர் அன்ரி வீட்டுப் பாஸ்காவுக்குப் போகலாமோ?

லண்டன் தமிழ்க் கத்தோலிக்கருக்குள் 'ஆகுமோ அண்ணை' என்றொரு இனம் உண்டு. உங்கள் கோயில் பங்கிலும் ஒருவர் இருப்பார். தேடிக் களைக்க வேண்டாம், அவரே உங்களைத் தேடி வருவார். பிள்ளை யோகா வகுப்புக்குப் போகிறதாமே, அது ஆகுமோ? தவக்காலத்து வெள்ளியில் இறால் வடை ஆகுமோ? பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் தந்த கோயில் லட்டை வாயில் போட்டீரே, போட்டது ஆகுமோ? கேள்வி எப்போதும் மற்றவருடைய ஆன்மாவைப் பற்றியே இருக்கும். அப்படியொரு பொதுநலம்!

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் சேவியர் செல்வரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொய்லர் திருத்துகிறவர், சொந்த வான், நல்ல மனுசன். அந்த வானை வாங்கிய அன்று நேரே வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், அர்ச்சனை செய்வித்து, நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு வந்தவர். கேட்டால், "அது தொழில் விசயம், சமயத்தோடை சேர்க்கப்படாது" என்பார். சேர்க்கவில்லை, விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமை வருமுன் பங்கு மண்டபத்தில் 'பாஸ்கா விருந்து' என்று ஒன்றை நடத்துவார். யூதரின் பாஸ்காத் திருநாளில் யேசு உண்டதுபோல் நாமும் உண்ண வேண்டுமாம். திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு குடும்பத் தலைவராக அவரே நடுவில் இருப்பார். புளிப்பில்லாத அப்பத்துக்குச் சப்பாத்தி, கசப்புக் கீரைக்குப் பாகற்காய், திராட்சை இரசத்துக்கு ரைபீனாப் பழச்சாறு. யூதர் ஒருவர்கூட அந்த மண்டபத்துப் படியேறியதில்லை. கூப்பிட்டால்தானே ஏறுவார்கள்?

இந்த வருடம், கூப்பிடாத யூதர் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு எஸ்தர் அன்ரி. செல்வரத்தினமும் மனைவி அஜந்தாவும் ஷிப்ட் முடிந்து வரும்வரை, மகள் தர்மிகாவைப் பத்து வருடம் தன் சமையலறை மேசையில் வைத்து வீட்டுப்பாடம் செய்வித்த மனுசி. தையில் புருசன் டேவிட் காலமாகிவிட்டார், பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். பாஸ்கா இரவில் யூதர் வீட்டில் மேசை நிறைய ஆள் இருக்க வேண்டும். மதிலுக்கு மேலால் எட்டி, "இந்த முறை என் மேசையில் யாருமில்லை, வருவீர்களா?" என்று கேட்டார். அஜந்தா கண் கலங்கித் தலையாட்டினார்.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீர்?" என்று அன்றிரவு செல்வரத்தினம் பாய்ந்தார்.

"அவ என்னைக் கேட்டா, நான் ஓம் எண்டன்."

"அது அவையின்ரை வழிபாடு. கத்தோலிக்கர் போய் இருந்தால் பங்குபற்றினதாய்ப் போகும்."

"அப்ப நீங்கள் ஹோலுக்குள்ளை பாகற்காய் தின்னுறது என்னவாம்?"

"அது வேறை. அது நாங்கள் செய்யிறது."

செல்வரத்தினம் பங்குத் தந்தை ஃபாதர் கெவினிடம் போனார். அவர், "அன்பாகக் கூப்பிட்டால் போ. விருந்தாளியாக மரியாதையோடு இரு. உனக்கு ஒவ்வாத செபத்தை நீ சொல்ல வேண்டியதில்லை" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மண்டபத்தில் நீ நடத்துகிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அது அவர்களுடையதல்லவா?" என்றும் கேட்டுவிட்டார்.

இந்த இனத்துக்கு 'ஆகும்' என்ற பதில் செமிக்காது. 'ஆகாது' கிடைக்கும்வரை ஆள் மாற்றி ஆள் கேட்கும். செல்வரத்தினம் கனடா மச்சானைக் கேட்டார், வட்ஸ்அப் குழுவில் கேட்டார், கடைசியாக ரெய்னர்ஸ் லேன் செபக்கூட்டத் தலைவரைக் கேட்டார். அவர் கேள்வி முடியமுன்னமே "கூடாது!" என்றார். அப்பாடா!

பாஸ்கா அன்று பின்னேரம் தாயும் மகளும் பூக்கொத்தோடு போய்விட்டார்கள். செல்வரத்தினம் பாணையும் சம்பலையும் வைத்துக்கொண்டு தனியே இருந்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மெல்லியது. பாட்டுக் கேட்டது, சிரிப்புக் கேட்டது, அந்தச் சிரிப்பில் தன் பெண்சாதியின் சிரிப்பும் கேட்டது. மனுசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குப்பை வாளியை எடுத்துவைக்கும் சாட்டில் வெளியே வந்தவர், எப்படியோ எஸ்தர் அன்ரியின் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு முடிந்தபின், எலியா இறைவாக்கினர் வருவார் என்று தெருக்கதவைத் திறந்து வைப்பார்கள். திறக்க அனுப்பப்பட்டவள் தர்மிகா.

"அப்பா! என்ன இதிலை நிக்கிறியள்?"

உள்ளே எஸ்தர் அன்ரி எழுந்து எட்டிப் பார்த்தார். தைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை யாரும் காணவில்லை. "எலியாப் பெரியவருக்காகத் திறந்தோம், பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார்! வாரும், டேவிட்டின் கதிரை சும்மாதான் கிடக்கிறது" என்றார்.

செல்வரத்தினம் அந்தக் கதிரையைப் பார்த்தார். லண்டனுக்கு வந்த முதல் குளிரில், குளிர் உடுப்பு இல்லாமல் நின்றவருக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் டேவிட். செல்வரத்தினம் உள்ளே போக ஒரு காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, "ஒரு நிமிசம்" என்று ஃபோனை எடுத்தார். ரெய்னர்ஸ் லேன் தலைவருக்கு வட்ஸ்அப்பில் எழுதினார்: "வாசலில் நிற்கிறன். செபம் சொல்லாமல் கதிரையிலை மட்டும் இருந்தால் ஆகுமோ?"

செய்திக்குக் கீழே ஒரு சரி விழுந்தது. இரண்டு சரி விழுந்தது. வாசித்ததைக் காட்டும் நீலம் வரவில்லை. சித்திரைக் குளிர்காற்று வீட்டுக்குள் போய் மெழுகுதிரிகளை அலைக்கழித்தது. எஸ்தர் அன்ரி கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார், நின்றார், பிறகு மெல்ல இருந்துவிட்டார். "சாத்து பிள்ளை, குளிருது" என்றார்.

கதவு சாத்தியபின் பதில் வந்தது: "எந்தக் கதிரை?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இவ்வளவும் வாசித்த பிறகு, அந்த மனுசி அன்றிரவு எப்படி நித்திரை கொண்டாரோ என்று ஒரு சொல் கேட்காமல், 'அதெல்லாம் இருக்கட்டும், உண்மையில் கத்தோலிக்கர் போகலாமோ கூடாதோ, அதைச் சொல்லவில்லையே?' என்று உங்கள் வாய் உன்னுகிறதா?

அப்படியென்றால் வணக்கம், அண்ணை. இவ்வளவு நேரமும் உங்களைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.