கசியும் குழாய்க்குக் காவிய பாஷை

"குழாய்க்குப் பாரசீகத்துல என்ன?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

குமாஸ்தா முந்நூறு பக்கங்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குழாய் எங்கேயும் வரலை. கண்ணீர்தான் வருது."

"புத்தகத்துலயா, உங்களுக்கா?"

இரண்டிலும்தான். குழாய்க் கம்பெனியில் கடிதக் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தபோது, தெரிந்த மொழிகள் என்ற கட்டத்தில் பாரசீகம், ஆங்கிலம் என்று கை கூசாமல் எழுதிக்கொடுத்திருந்தார். கேட்கவா போகிறார்கள் என்ற தைரியம். சேர்ந்த பிறகுதான் பயம் வந்தது. இடப்பக்கம் பாரசீகம், வலப்பக்கம் ஆங்கிலம், அடியில் உச்சரிப்பு என்று அச்சான பழைய காதல் காவியம் ஒன்றை வாங்கி, தினம் பத்து வார்த்தை உருப்போட்டார். குல் என்றால் ரோஸ், புல்புல் என்றால் நைட்டிங்கேல், அஷ்க் என்றால் டியர்ஸ். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தது உண்மை. ஆனால் அந்தக் காவியத்தில் ஒருவனும் குழாய் மாட்டவில்லை.

மேனேஜருக்கோ பெருமை பிடிபடவில்லை. 'எங்களிடம் பாரசீக நிபுணர் இருக்கிறார், பாரசீகம் பேசும் ஆளையே அனுப்புங்கள்' என்று, குழாய் கசிகிறது எனப் புகார் எழுதிய வெளிநாட்டு வியாபாரிக்குப் பதில் போட்டுவிட்டார். ஆள் நாளைக்கு வருகிறார்.

"நீங்க பேசிச் சமாளிச்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா, வேற இடம் பார்த்துக்குங்க" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மறுநாள் கோட்டும் தாடியுமாக விருந்தாளி வந்தார். மேஜைமேல் ஒரு குழாயை டொக்கென்று வைத்து, மூச்சு விடாமல் ஏதோ பொழிந்தார். குமாஸ்தாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. புத்தகத்தில் இல்லாத புதுப் பாரசீகம் போலும்.

"என்னய்யா சொல்றார்?" என்றார் மேனேஜர்.

"நம்ம குழாயைப் புகழறார் சார்."

"அப்போ பதிலுக்கு நீங்களும் புகழுங்க!"

குமாஸ்தா எழுந்தார். ரோஜாவே, நீ இல்லாத தோட்டத்தில் குயில் கண்ணீர் வடிக்கிறது என்று பாரசீகத்தில் உருக்கமாகச் சொன்னார். விருந்தாளி முகம் வெளிறியது. அவர் குழாயைத் திருகிக் காட்டி இன்னும் வேகமாகப் பேசினார்.

"இப்ப ஏன் சத்தம் போடறார்?"

"இன்னும் ரெண்டாயிரம் வேணுமாம் சார்." வாய் தவறி வந்துவிட்டது.

மேனேஜர் துள்ளிக் குதித்து ஆர்டர் படிவத்தை நீட்டினார். விருந்தாளி கையெழுத்துப் போடாமல் தடுக்க ஆங்கிலமாவது உதவட்டும் என்று குமாஸ்தா காவியத்தின் வலப்பக்கத்துக்குத் தாவினார். கிடைத்த வாக்கியம், நிலவு முகத்தோனே, உன் வாளுக்கு என் கழுத்து தயார் என்பதுதான். அதைக் கழுத்தைத் தொட்டுக் காட்டியே சொன்னார்; மேனேஜர் காதுக்கு அந்த ஆங்கிலமும் பாரசீகமாகவே கேட்டது.

விருந்தாளி நடுங்கிப்போய்ப் படிவத்தில் மளமளவென்று மூன்று இடத்தில் கையெழுத்திட்டார்.

"அடடா, படிச்ச மனுஷன்னா இதுதான்யா!" மேனேஜர் அங்கேயே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் குமாஸ்தாவின் சட்டைப் பையில் திணித்தார்.

விருந்தாளியை வழியனுப்ப லிஃப்ட் வரை நடந்தபோது, குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் பொய்க்கு ஒரு அப்பாவி இரண்டாயிரம் ஓட்டைக் குழாய்களைச் சுமந்து போகிறானே என்று வெட்கமாக இருந்தது. காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அதற்கும் பாரசீகம் வேண்டுமே!

லிஃப்ட் கதவு திறந்தது. விருந்தாளி இருபக்கமும் பார்த்துவிட்டு, குமாஸ்தாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சுத்தமான தமிழில் கிசுகிசுத்தார்:

"அண்ணே, வேலைக்குச் சேரும்போது பாரசீகம் தெரியும்னு எழுதிட்டேன், காட்டிக் கொடுத்துடாதீங்க; நீங்க பேசினதாவது ஒரு பாஷை, நான் பேசினது என்னன்னு எனக்கே தெரியாது!"