சுவெட்டர் மாமாவின் குளிர்காலம்

மலாக்கா மாநிலத்தில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் சுவெட்டர் மாமாதான். மற்ற எல்லாருக்கும் இங்கே மழை அல்லது வெயில், அவ்வளவே. மாமாவுக்கு மட்டும் கார்த்திகை மழை ஓய்ந்ததும் சீனாவிலிருந்து நேராக ஜாசினுக்கு ஒரு குளிர்காற்று புறப்பட்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஜாசினிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் கித்தாத் தோட்டத்தில் அவர் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டினார். இளவயதில் கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போனபோது வாங்கிய கம்பளிச் சுவெட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. மழைக்காலம் முழுக்க அது தகரப் பெட்டியில் பாச்சை உருண்டைகளோடு தூங்கும். மழை விட்டு, விடியலில் வறண்ட காற்று தலைகாட்டியதும் மாமா அதை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, லாரிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டு வருவார். முகமெல்லாம் வேர்வை வழியும்.

"என்ன மாமா, இப்படி ஊத்துது?"

"உள்ளுக்குள்ள குளிருதுலா! உங்களுக்கெல்லாம் தோலு தடிச்சுப் போச்சு, எங்க தெரியப் போவுது?"

கேலி செய்வோமே தவிர, சுவெட்டர் வெளியே வந்துவிட்டால் மழை முடிந்தது என்றுதான் தோட்டமே எடுத்துக்கொள்ளும். லயத்து வீடுகளின் வேலிகளில் பஞ்சு மெத்தைகள் காய ஆரம்பிக்கும். ஒரு வருஷம் மாமா அவசரப்பட்டுவிட்டார். மத்தியானம் கொட்டிய மழையில் மெத்தை அத்தனையும் ஊறிக் களியாகிவிட்டன. பெண்கள் அவர் வாசலில் நின்று போட்ட சத்தம் பக்கத்து மலாய்க் கம்பம் வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் வானத்தைப் பத்துத் தடவை முறைத்துப் பார்க்காமல் அவர் பெட்டியைத் திறப்பதில்லை.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் பாச்சாங். முகூர்த்தம் கார்த்திகைக் கடைசியில். காலையில் தோட்டத்துக் கோயிலில் தாலி, சாயங்காலம் பக்கத்துப் பாடாங் திடலில் பந்தல் போட்டு விருந்து. தோட்டத்துச் சனம் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் அப்பாவின் ஒரே ஆசை. மழையோ தினமும் சாயங்காலம் தவறாமல் ஆஜர். பாடாங்கில் எருமை படுத்துப் புரளலாம்.

மாப்பிள்ளையின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்: "நான் வந்து இடத்தப் பாக்குறேன். சரியில்லன்னா விருந்து பாச்சாங் மண்டபத்துலதான்." அவ்வளவு தூரம் லயத்து ஆட்கள் எதில் ஏறிப் போவார்கள்? அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினார்.

"அண்ணே, சம்பந்தி வர்றப்ப மட்டும் அந்தச் சுவெட்டரப் போட்டுக்கிட்டு வந்து நில்லுங்கண்ணே."

"போம்மா! மழ நின்னாத்தான் சுவெட்டரு. பொய்க்குப் போட்டா, அப்புறம் ஒரு பய என்னை நம்புவானா? ஏற்கெனவே மெத்தைக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

சம்பந்தி வந்த அன்று வானம் அடுப்புச் சட்டி மாதிரி கறுத்திருந்தது. காரை விட்டு இறங்கியதுமே அவருடைய செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. "இதுலயா விருந்து? மண்டபமே பேசிடலாம், சம்பந்தி" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பால் லாரி வந்து நின்றது. மாமா இறங்கினார், சுவெட்டரோடு. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

"மழையா? அது முடிஞ்சு போச்சுங்க. சைனாவுல பனி கொட்டுது, அந்தக் காத்து வந்தாச்சு. குளிரு தாங்கல" என்று கைகளைத் தேய்த்தார்.

சம்பந்தி வானத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் லயத்திலிருந்து ஒரு குரல்: "சுவெட்டர் வந்தாச்சுடி! மெத்தைய வெளிய எடுங்க!"

அன்றைக்கு வாசலில் நின்று சண்டை போட்ட அதே பெண்கள்! வரிசையாக வேலியெல்லாம் மெத்தையைப் போட்டார்கள். இத்தனை பேர் மெத்தையை வெளியே போட்டால் மழை வராது என்று சம்பந்தி நம்பிவிட்டார். "அப்ப சரி, இங்கேயே வச்சுக்கலாம்" என்று கார் ஏறினார். கார் முனை திரும்பியதும் பிடித்தது பாருங்கள் மழை! தோட்டமே மெத்தைக்கு ஓடியது.

விருந்தன்றும் பெய்தது. இலை போட்ட நேரத்தில் சோவென்று கொட்டியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் சாம்பார் வாளியோடு பந்தி பந்தியாகச் சிரித்துக்கொண்டே போனார். சம்பந்தி காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு இரண்டாவது முறை பாயசம் கேட்டார். மாமாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் பந்தலின் ஓரத்தில் நனைந்துகொண்டே, தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தார். சுவெட்டர் ஊறிப்போய் முழங்கால் வரை தொங்கியது. பற்கள் தந்தி அடித்தன. நான் மாலையோடு எழுந்து ஓடினேன்.

"மாமா, ரொம்பக் குளிருதா?"

"சேச்சே! குளிரா? எனக்கு வேர்க்குதும்மா. நீ போய் உக்காரு, சேல நனையுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்மை கரைந்ததற்கு மழையைக் காட்டித் தப்பித்தேன்.

மாமா போய் வெகுகாலம் ஆகிறது. நான் இன்னும் பாச்சாங்கில்தான். மழை விட்டு அந்த வறண்ட காற்று வரும் முதல் காலையில், எழுந்துபோய்க் கூரைக் காற்றாடியை நிறுத்துவேன். வேர்த்துப் போய் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்காரர் கத்துவார்.

"குளிருதுங்க" என்பேன்.