விட்டுவைத்த கிருமி

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இந்தப் பழக்கம் மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. அதனால்தான் ஒரு காலையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், இருக்கும் பெண்கள் எல்லோரும் என் கிணற்றைப் பார்த்துப் பயந்து ஓடினார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. சுற்றிவர எல்லாக் கிணறும் உவர், என்னுடையது மட்டும் நல்ல தண்ணீர். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) சண்டைக் காலம். என் கணவர் போய்ச் சேர்ந்து, ஒரே மகனும் கனடாவுக்குப் போன பிறகு, காலையும் பின்னேரமும் வாளியோடு வரும் பெண்களின் கதைதான் எனக்குக் கேட்கும் மனிதக் குரல். அவர்கள் தண்ணீருக்கு வந்தார்கள், நான் கதைக்குக் காத்திருந்தேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஒருநாள் மகன் தான் செய்த ஒன்றை சீடியில் பதிந்து, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் கொடுத்துவிட்டான். மகன் விட்டுப்போன கம்பியூட்டரில் கூட்டாளி அதைப் போட்டுக் காட்டினார். திரை நடுவில் பெரிய தண்ணீர்த் துளி. அதற்குள் வாலும் கண்ணுமாக நீலம், மஞ்சள், சிவப்பு என்று கிருமிகள். ஒரே நிறத்தில் மூன்றை ஒட்டவைத்தால் மூன்றும் மறையும். எதை எங்கே நகர்த்துவது என்று யோசித்தே மண்டை காய்ந்துவிடும்.

இது விளையாட்டு என்று கூட்டாளி சொன்னார். நான் நம்பவில்லை. விளையாட்டுச் செய்யவா கனடாக்காரன் என் பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கிறான்? மகனும் போனில், "அம்மா, அது எங்கட கிணத்துத் தண்ணிதான். பள்ளிக்கூடத்து மைக்கிரஸ்கோப்பில பார்த்ததை நினைச்சுச் செய்தனான்" என்றான்.

"ஓம், ஓம், எனக்கு விளங்கும்" என்றேன். விளங்கியது இதுதான்: கிணற்றுக் கிருமியை மகன் அங்கிருந்து காட்டுகிறான், நான் இங்கிருந்து கொல்லுகிறேன்.

சமையல் முடிந்ததும் கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் குந்திவிடுவேன். கடைசியில் ஒரு சிவப்பு மிஞ்சும். அந்தக் கடைசி ஒன்றைத் தொட்டு அமத்தினாலே அதுவும் மறைந்து திரை கறுத்துவிடும். பிறகு வீட்டில் அசைகிற சீவன் நான் மட்டும்தான். ஆகவே அதை விட்டுவைத்தேன். துறைமுகத்தில் நேவிக்காரர் தண்ணீருக்குள் வெடி போடும்போது யன்னல் அதிரும், நான் துள்ளி எழும்புவேன். அது தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த நேரம் ஊரில் வயிற்றோட்டம். சுகாதாரப் பரிசோதகர் குளோரின் வாளியோடு வந்து நின்றார். தண்ணீர் மருந்து மணக்கிறது என்று பெண்கள் சந்திக் குழாய்க்குப் போய்விட்டால்?

"தேவையில்லைத் தம்பி. கிருமியை எல்லாம் நான் சாக்காட்டிப் போட்டன்."

"எப்பிடியம்மா?"

"கம்பியூட்டரில."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாத்தையுமோ?" என்றார்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஒண்டை மட்டும் விட்டு வைச்சிருக்கிறன்."

மற்றப் பெண்களோடு தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரியின் கை கயிற்றை விட்டது. வாளி கிணற்றுக்குள் போய்த் தொம்மென்று விழுந்தது.

"என்னக்கா சொல்லுறியள்? தெரிஞ்சுகொண்டோ விட்டனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

உண்மையைச் சொல்ல ஏலுமா? "பாவமெண்டு" என்றேன்.

"கிருமி பாவமோ? அப்ப என்ர பிள்ளையள் பாவமில்லையோ?"

சமாதானப்படுத்தலாம் என்று எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனேன். (என் வாழ்நாளில் செய்த மோட்டு வேலைகளில் இதுதான் முதலாவது.) கத்தரிக்காய் அளவில் கிருமி கண்ணை உருட்டிக்கொண்டு திரும்பியது.

"ஐயோ! என்ன பருமன்!" என்று கத்திக்கொண்டு பரமேஸ்வரி ஓட, மற்றவர்களும் குடத்துத் தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். அது வெறும் விளையாட்டு என்று பரிசோதகர் விளக்கியபோது, கேட்க நான் ஒருத்திதான் மிச்சம். போட வேண்டிய குளோரினை அவர் அளந்து போட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. கப்பியும் கயிறும் காய்ந்து கிடந்தன. நானும் அந்தச் சிவப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். போய்க் கூப்பிடலாம்தான். என் பெருமை விடவில்லை.

மூன்று கிழமை கழித்துப் பரமேஸ்வரி வந்தாள். வாளி இல்லாமல் வந்தாள்.

"அக்கா, அது இன்னும் இருக்குதோ?"

"இருக்குது."

"ஒருக்காக் காட்டுங்கோவன்."

கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டேன். அன்று இருட்டும்வரை அவள் எழும்பவில்லை. மறுநாள் வாளியும் வந்தது.

இப்போதும் என் வீட்டில் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். "அக்கான்ர ஆள் உள்ள இருக்கிறாரோ?"

மகனுக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மாவின் சுகம் கேட்க மறந்தாலும் இதைக் கேட்க மறக்கமாட்டான்.

"அம்மா, அது சுகமா இருக்குதோ?"

"ஓம், சுகமா இருக்குது. தனியத்தான் இருக்குது."

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். பிறகு அவன்தான் போனை வைப்பான். நான் ஒருநாளும் முதலில் வைத்ததில்லை.