அடுத்த மாடல் ஆசாமி

"லேப்டாப் வாங்கப் போறேன் சித்தப்பா."

"எப்போ?"

"இன்னைக்குச் சாயங்காலம்."

கீழ் வீட்டில் குடியிருக்கும் என் சித்தப்பா, தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, நடுரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"யாராவது இப்போ போய் வாங்குவாங்களா?"

"பழசு செத்துப் போச்சு. வேலை நிக்குது."

"நிக்கட்டுமே! வெளிச்சத்துல கணக்குப் போடுற கம்ப்யூட்டர் வரப்போகுது. வெறும் வெளிச்சம். சூடே ஆகாதாம். அது வந்துட்டா நீ வாங்குற டப்பா எதுக்கு ஆகும்? கதவு அடிச்சுக்காம முட்டுக் கொடுக்கலாம்."

"அது எப்போ வரும்?"

"வந்துட்டே இருக்கு."

"அதுவரைக்கும் நான் எதுல வேலை பார்க்கறது?"

சித்தப்பா தாடையைத் தடவினார். "என் மெஷின்ல பாரேன்" என்றார்.

அவருடைய மெஷினை நான் அறிவேன். பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகலாம். குளித்து, தலை துவட்டி, துணியை உலர்த்திவிட்டு வந்தாலும் அது அப்போதுதான் கண் விழித்து நம்மை யார் என்று கேட்கும். அன்று சாயங்காலம் நான் கடைக்குப் போனேன். அவசரப்பட்டுவிட்டதாகச் சித்தப்பா இன்றுவரை வருந்துகிறார்.

இப்படி ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. விஞ்ஞானம் என்றாலே முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் புதிதாக எதையும் வாங்க மாட்டார்கள். விஞ்ஞானம் என்றால் பித்துப் பிடித்து அலைபவர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வந்ததையெல்லாம் வாங்கிக் குவிப்பார்கள். நான் சொல்லும் ஆசாமி மூன்றாவது வகை. பேச்சு இரண்டாமவருடையது. வீடு முதலாமவருடையது.

இவரை அடையாளம் காண்பது எளிது. குவாண்டம் கணினி வந்ததும் உலகத்திலுள்ள ரகசியப் பூட்டுகளெல்லாம் உடைந்துவிடும் என்று எல்லோருக்கும் எச்சரிக்கை விடுவார், ஆனால் எப்படியும் உடையப்போவதை எதற்கு மாற்றுவது என்று தன் கடவுச்சொல்லாகத் தன் பெயரையே வைத்திருப்பார். ஒரு துளி மரபணுவுக்குள் ஒரு நூலகத்தையே அடைத்துவிடலாம் என்று கண்கள் விரியச் சொல்வார், அந்தத் துளி வரும்வரை குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் ஒரு காலணிப் பெட்டியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். பல் தானாகவே மறுபடி முளைக்கும் மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறது என்று படித்த நாளிலிருந்து இடது பக்கமாகவே மெல்லுவார். வலது பக்கம் முளைப்பதற்காகக் காலியாக இருக்கிறது.

இலவு காத்த கிளியோடு இவரை ஒப்பிடலாமா? கூடாது. அந்தக் கிளியாவது ஒரே மரத்தில் உட்கார்ந்து ஏமாந்தது. இவர் கிளைக்குக் கிளை, மரத்துக்கு மரம் தாவிக்கொண்டே காத்திருப்பவர். ஒன்று பழுக்கும் சமயத்தில் பக்கத்துத் தோப்பில் பூ விட்டிருக்கிறது என்று செய்தி வந்துவிடும்.

அந்தச் செய்திகளை அவர் காதில் போட்டவள் நான்தான். இயந்திரங்களோடு வரும் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா தன் தொலைபேசியை நீட்டுவார். "இதுல என்ன போட்டிருக்கான்? சொல்லு." நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். முதல் பத்தியில் ஆய்வுக்கூடம், இரண்டாவதில் அதிசயம், மூன்றாவதில் அந்த அதிசயத்தால் மனித குலத்துக்கு விளையப்போகும் நன்மைகள். இந்த இடத்தில் சித்தப்பா "போதும், போதும்" என்று திருப்தியோடு எழுந்துவிடுவார். இது சந்தைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், சில தடைகள் இன்னும் தாண்டப்படவில்லை என்றெல்லாம் சொல்லும் கடைசிப் பத்தியை நான் எப்போதும் காலி நாற்காலிக்குத்தான் படித்துக் காட்டியிருக்கிறேன்.

இதுவரை சிரிப்புத்தான். இனி அவருடைய காதுக்கு வருவோம்.

காது மந்தமாகி நான்கைந்து வருடங்கள் இருக்கும். காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "இப்போ இருக்கறதெல்லாம் ஒலிபெருக்கி. பேச்சையும் பெருசாக்கும், மிக்சியையும் பெருசாக்கும். மூளை நரம்பு மாதிரியே துடிக்கிற சில்லு ஒண்ணு வருது. அது வேண்டியதை மட்டும் கேக்க வைக்கும்" என்றார் சித்தப்பா.

"அதை இவர் மெஷின் இல்லாமலே செய்யறாரே" என்றாள் சித்தி.

சித்தி கத்தினாள். முதல் வருடம் கூடத்திலிருந்து, அடுத்த வருடம் கைக்கெட்டும் தூரத்திலிருந்து, பிறகு காதோரத்திலிருந்து. சாதாரணமாகவே வாய் திறக்க யோசிக்கும் நான்கூட அந்த வீட்டில் ஏலக்காரி மாதிரி கூவினேன். ஒருநாள் சித்தி கத்துவதை நிறுத்திவிட்டு, சமையலறையிலிருந்தே தொலைபேசியில் செய்தி அனுப்பத் தொடங்கினாள். "சாப்பிட வாங்க." சித்தப்பாவுக்கு ஒரே பெருமை. "பார்த்தியா, பிரச்சினையைத் தொழில்நுட்பம் எப்படித் தீர்த்துடுச்சு!"

சில மாதங்களில் அது "வாங்க" என்று சுருங்கியது. பிறகு சொல்லும் போய், வெறும் தட்டின் படம் மட்டும் வந்தது.

அந்தப் படத்தோடு ஒரு மாலை மாடியேறி வந்தார் சித்தப்பா. "உன் சித்தி என்மேல கோவமா இருக்காளா?"

"கோவமில்ல சித்தப்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "ஓய்ஞ்சு போயிட்டாங்க! உங்ககிட்டப் பேசறதையே விட்டுட்டாங்க!"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு நீ வீட்டுலதானே இருப்பே? காது மெஷின் கடை வரைக்கும் வா. அவகிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார்.

கடையில் காதைப் பரிசோதித்த பெண், பட்டாணி அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். காதுக்குள் உட்கார்ந்துவிட்டால் வெளியே தெரியாது. சித்தப்பா அதை உள்ளங்கையில் உருட்டினார்.

"உள்ள இருக்கற சில்லு நரம்பு மாதிரி துடிக்குமா?"

"அந்த வகை இன்னும் கடைக்கு வரல சார்."

"எப்போ வரும்?"

"வந்துடும்னுதான் சொல்றாங்க" என்றாள், எங்கள் குடும்ப வரலாறு அறியாத அந்த அப்பாவிப் பெண்.

நான் கண்களை மூடிக்கொண்டேன். நாற்காலி நகரும் ஓசை கேட்டது. சித்தப்பா எழுந்துவிட்டார். "அப்போ அது வந்ததும்..." என்று கதவை நோக்கித் திரும்பியவரின் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரம். தட்டு.

தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையனைப்போலத் தலையைச் சாய்த்தார்.

"இருக்கறதைப் போட்டு விடும்மா."

ஆசாமி திருந்திவிட்டார் என்று மகிழ வேண்டாம். பல் விஷயத்தில் அவர் இன்னும் இடது பக்கம்தான். நீங்கள் மட்டும் என்ன? கண்ணாடியின் பவர் மாறி எத்தனை நாளாயிற்று? நல்லதாக ஒரு செயலி வரட்டும், மறுநாளே நடக்க ஆரம்பித்துவிடுகிறேன் என்று யாரிடமோ சொன்னீர்களே? இந்தக் கட்டுரையைக்கூடப் பாதியில் மூடிவிட்டு, இதைச் சுருக்கிச் சொல்லும் இயந்திரம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடத் தோன்றியதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். தோன்றாதவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

காது மெஷின் வைத்து ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா மாடிக்கு வந்தார். முகத்தில் ஒரு திருட்டுக் களை.

"சித்தி என்ன சொன்னாங்க?" என்றேன். பல வருடங்களுக்குப் பிறகு என் சொந்தக் குரலில்.

"அவளுக்குத் தெரியாது."

"இன்னுமா சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். உள்ள நுழையறேன், 'வந்துட்டார் துரை'ங்கறா. எனக்குக் கேக்காதுன்னு என்னைப் பத்தி என் எதிர்லயே பேசறா! 'செருப்பை நடுவுல போட்டாச்சா? நல்லாப் போடுங்க. நான் தடுக்கி விழுந்தா எலும்பு ஒட்டுற மெஷின் அடுத்த வருஷம் வருது'ங்கறா." சித்தப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நேத்து முழுக்க என் அக்காவைப் பத்தி. அவ நடக்கற மாதிரியே நடந்து காட்டறா. இன்னைக்குக் காலைல உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தி என்ன?"

"அது எதுக்கு உனக்கு?" கண்களைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணமான புதுசுல இப்படித்தான் பேசுவா. எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா அடங்கிடுவா. 'பில் கட்டினீங்களா, கதவைச் சாத்தினீங்களா', அவ்வளவுதான்."

படியில் இறங்கப் போனவர் நின்று, ஒருமுறை கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீ கீழ வரும்போது மட்டும், எப்பவும் போல என்கிட்டக் கத்தியே பேசும்மா."