நாலு போனது, நாலு வந்தது

எந்தப் பொருளையும் அது செய்யப்பட்ட காரியத்துக்குப் பயன்படுத்தாத பிறவி, நான் பார்த்தவரை, குடைச்சல் ஒருவன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்தது. நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இருபத்து மூன்று படி ஏறினால் எங்கள் மென்பொருள் அலுவலகம். நாட்டுப்படகுகளுக்காக ஓர் ஆப் தயாரானது. போகும்போது எத்தனை பேர், திரும்பும்போது எத்தனை பேர் என்று பதிய வேண்டும். ஆள் குறைந்தால் கரையில் அபாய மணி அடிக்கும். அதைச் சோதிக்க இருவர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான நான், அப்புறம் அவன். என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் கொண்ட பட்டியல் இருந்தது. அவனிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

"பட்டியல் எங்கப்பா?"

"சும்மா நோண்டிப் பாக்குறேன் சார். அதுவே பல்லை இளிச்சிரும்."

நோண்டினான். வயது கேட்ட இடத்தில் தொள்ளாயிரம் போட்டான். கிளம்பாத படகைத் திரும்பி வந்ததாகப் பதிந்தான். மீனவர் கை ஈரமாகத்தானே இருக்கும் என்று ஒரு கிலோ சாளை மீனை மேஜையில் கொட்டிப் பிசைந்து, அந்தக் கையாலேயே போனைத் தடவினான். நாற்றம் நான்கு நாள் நின்றது. எங்கள் ஏழு பேரில் இருவர் விடுப்பு.

திங்களன்று ஆப்பைப் படகுக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். என் பட்டியல் முழுக்கத் தேறிவிட்டது. சனிக்கிழமை காரங்காட்டுக் கடற்கரையில் கடைசி வெள்ளோட்டம். குடைச்சலோடு சேர்த்து நாலு பேர் படகில் போனார்கள். நான் கரையில் வேனுக்குள் உட்கார்ந்து திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு திரும்பியது. நாலு. பச்சை. டிக் போட்டேன். போன் அடித்தது.

"சார், நான் வந்துட்டேனா?"

"வந்துட்டியேப்பா. பச்சை விழுந்துருச்சு."

"நல்லாப் பாருங்க சார்."

"நாலு போச்சு, நாலு வந்துச்சு. இதுல என்னத்தைப் பாக்குறது?"

"அப்ப இங்கன அலையாத்திக் காட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணில நிக்கிறது யாரு சார்? சீக்கிரம் சொல்லுங்க, தண்ணி ஏறுது."

வேனிலிருந்து குதித்தேன். இந்த வயதில் முதல்முறை. அவன் வழியில் இறங்கிக்கொண்டிருக்கிறான்; படகில் அவன் இடத்தில் கூடையோடு ஒரு நண்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வழியில் நிற்பவரை ஏற்றிக்கொள்வது கடலில் வழக்கம். அதுதான் என் பட்டியலில் இல்லை.

படகுக்காரர் சிரித்தார். "வாத்தியாரே, மீனைத்தான் எண்ணணும். ஆளைப் பேரு சொல்லிக் கூப்பிடணும்."

படகு மறுபடி போய் அவனை ஏற்றி வந்தது. நெஞ்சு வரை சேறு, முகம் முழுக்கப் பல். "கிறுக்குப் பயலே!" என்று திட்ட வாயெடுத்த நான், அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

ஒப்படைப்பு தள்ளிப்போனது. ஆப் இப்போது பெயர் சொல்லி ஆள் கேட்கிறது.

குடைச்சல் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் நாற்காலியில் ஒழுங்கான ஒரு பையன், கையில் பட்டியலோடு. தினமும் காலையில் எண்ணுகிறேன். ஏழு பேர், கணக்கு சரிதான்.

ஓர் ஆள் குறைகிறது.