பானைக்கு அடியில் இருந்த புத்தகம்

ஹம், மேற்கு ஜெர்மனி
12.11.1986

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அத்தான் சிவகுருநாதன் அவர்களுக்கு, மைத்துனன் செல்வரட்ணம் எழுதிக்கொள்வது. விடாத தடிமனைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஷெல் விழாத பக்கமாகச் சுகத்தோடு இருக்க முருகன் துணை நிற்கட்டும். எனக்குப் பேசியிருக்கிற பெண்ணின் படம் கிடைத்தது. அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது மனம் சரியில்லை.

இந்த அகதி விடுதியில் என் அறையில் கானா நாட்டு எபினேசர் இருக்கிறார் என்று முன்பு எழுதினேன். எனக்கு மூன்றே மூன்று ஜெர்மன் சொல் தெரிந்த காலத்தில், அலுவலகக் கடிதங்களை எல்லாம் வாசித்து ஆங்கிலத்தில் விளக்கியவர். போன மாதம் தேவாலயத்து அம்மையார் ஒருவர் நிறவெறி பற்றிக் கூட்டம் வைத்து, எங்கள் இருவரையும் பேச அழைத்தார். அதற்கு முன் வாசிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகமும் தந்தார். எனக்கு வந்ததே கோபம்! எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் வீட்டோடு எரிய இருந்தவனுக்கு இவ புத்தகம் தந்து படிப்பிக்கப் போறாவாம். அதைச் சோற்றுப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். அளவு நல்ல அளவு.

கூட்டத்தில் முப்பது பேர் கேக்கும் கையுமாக இருந்தார்கள். நான் எழும்பி, குளிருக்குப் போட மாரிக் கோட்டு வாங்க எபினேசரோடு கடைக்குப் போன கதையைச் சொன்னேன். வாசலில் காவலாளி மறித்து, இரண்டு பேரும் ஒன்றாகவா வந்தீர்கள் என்று கேட்டான். "ஆளை எனக்குத் தெரியாது" என்று அவன் காதோடு சொல்லிவிட்டு நான் நழுவிவிட்டேன். எபினேசரின் பையை நிலத்தில் கொட்டிச் சோதித்தார்கள். புத்தியுள்ளவன் இப்படித்தான் தப்ப வேண்டும் என்று முடித்து, கைதட்டலுக்காக நின்றேன். எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். எபினேசர் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "அப்போ நீ உதவிக்கு ஆள் கூப்பிட ஓடவில்லையா?" இவ்வளவு நாளும் அந்த மனிதன் அப்படித்தான் நம்பியிருந்திருக்கிறார், அத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றே அவர் கட்டிலை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பிழையைத் திருத்தப் போய் இன்னும் கெடுத்தேன். அலுவலக வரிசையில் நாள் முழுக்க நின்று களைத்து வந்தவரைச் சமையலறையில் மறித்து, கறுப்பராக இருப்பது எப்படி, எங்கே எங்கே நோகும், விவரமாகச் சொல்லுங்கள் என்று கொப்பியும் பேனையுமாக நின்றேன். அவர் தேத்தண்ணியைக் கூட எடுக்காமல் போய்விட்டார். இதே விடுதியில் இருக்கிற நம்மவர், பக்கத்து அடுப்பில் நின்ற புஷ்பராணி அக்கா அகப்பையோடு திரும்பினா.

"உனக்கு மூளை இருக்கோடா? சிங்களவன் ஒருத்தன் வந்து, உங்கடை வீடு எரியேக்கை எப்பிடி இருந்தது, ஆறுதலாச் சொல்லுங்கோ எண்டு கேட்டால் நீ சொல்லுவியோ?"

"ஏலாது அக்கா."

"அப்ப அந்த மனுசனை ஏன் அரிக்கிறாய்? அந்தத் தேவாலயத்து அம்மா தந்த புத்தகத்தை முதலிலை படி. பிறகு வாயைத் திற."

பானையைத் தூக்கினேன். அட்டையில் வட்டமாகக் கருகியிருந்தது. அகராதியோடு ஒரு நாளைக்கு நாலு பக்கம் போகிறது. ஆறாம் பக்கத்திலேயே என்னைப் போல ஒருவன் வருகிறான். வெள்ளிக்கிழமை எபினேசரை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். அதற்குள் படித்து முடித்து, ஒரு கேள்வியும் கேட்காமல், எல்லோருக்கும் முன்னால் "இந்த ஆளை எனக்குத் தெரியும்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அவர் மன்னிப்பாரோ தெரியாது.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆயிரம் முத்தம். தோலைப் பார்த்து ஒருவரையும் எடைபோடாத மனிதர்களாக அவர்களை வளர்த்தெடுங்கள்.

இப்படிக்கு,
திருந்திக்கொண்டிருக்கும் மைத்துனன்,
செல்வரட்ணம்

பி.கு.: பெண்ணின் படம் கறுப்பு வெள்ளையாக இருப்பதால் நிறம் பிடிபடவில்லை. மாநிறம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கத்து மாநிறம்? முடிவு சொல்ல முன் ஒரு கலர்ப் படம் பார்த்தால் நல்லது. அதுவரை பிள்ளையை வெயிலில் திரிய வேண்டாம் என்று சொல்லிவையுங்கோ.